கழுத்தில் தொங்கிய காகிதம்

தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்காருகிறவர் பெரும்பாலும் எதையோ இழந்துவிட்டு வந்தவராக இருக்கிறார். கை நிறைய இருக்கும்போது யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. 1931-இல் கென்யாவிலிருந்து டென்மார்க்குக்குத் திரும்பிய கேரன் பிளிக்சனுக்கு அப்போது 46 வயது. காப்பித் தோட்டம் கடனில் மூழ்கி விலைபோய்விட்டது. கணவரிடமிருந்து விவாகரத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிருக்குயிரான நண்பர் டெனிஸ் ஃபின்ச் ஹட்டன் அந்த ஆண்டு மே மாதம்தான் வோய் என்ற ஊரருகே தன் சிறு விமானத்தோடு விழுந்து இறந்திருந்தார். உடம்பில் தீராத நோய். போய்ச் சேர்ந்த இடம், பிறந்து வளர்ந்த ருங்ஸ்டெட் வீடு. பதினேழு ஆண்டுகள் ஒரு பெரிய தோட்டத்துக்கு எஜமானியாக இருந்தவர், மறுபடி அம்மாவின் வீட்டில் ஒரு மகள். ஆறு ஆண்டுகள் கழித்து அவருடைய நினைவு நூல் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' வெளிவந்தது.

அந்த நூலை ஆப்பிரிக்க நிலக்காட்சிக்காகப் படிப்பவர்கள் உண்டு. காதல் கதையென்று நினைத்துப் படிப்பவர்கள், 1985-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள். எனக்கு அது 'நான்', 'எனது' என்ற இரண்டும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று காட்டும் நூல். வள்ளுவர் துறவைப் பற்றிப் பேச வந்தபோது அந்த இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஒன்றை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேரன் பிளிக்சனுடைய நூலும் ஒரு தோட்டம் தன்னிடம் இருந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறது. தான் யார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், தன்னிடம் என்ன இருந்தது என்று சொல்கிறார்.

என்ன இருந்தது? 1914 ஜனவரியில் மொம்பாசாவில் இறங்கிய கையோடு, ஸ்வீடன் நாட்டுப் பிரபு ப்ரோர் பிளிக்சனைத் திருமணம் செய்துகொண்டார். சொந்தக்காரர்களின் பணத்தில் தோட்டம் வாங்கப்பட்டது. நைரோபிக்கு அருகே, நுகோங் மலையடிவாரத்தில், நாளடைவில் ஏறக்குறைய 6,000 ஏக்கர். அதில் காப்பி பயிரிட்டது 600 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள இடம். காப்பிக்கு அது சற்று அதிக உயரம், மழையும் போதாது. தொடக்கத்திலிருந்தே நட்டம்தான். ஆனால் அவருடைய 'நான்' அங்கேதான் வேர் பிடித்தது. டென்மார்க்கில் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தது வரவேற்பறை வாழ்க்கை. இங்கே அவர் குதிரையேறினார், சிங்கம் சுட்டார், கூலி பட்டுவாடா செய்தார், வழக்குத் தீர்த்தார். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை வீட்டு முற்றத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்.

இந்த விரிவு பொய்யல்ல. குடியேற்ற நாடுகளுக்குப் போன ஐரோப்பியப் பெண்கள் எழுதிய தன்வரலாறுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஊரில் அடைபட்டுக் கிடந்த உயிர், போன இடத்தில் கை கால் நீட்டுகிறது. கனடாவின் காடுகளுக்கு 1832-இல் போன சுசன்னா மூடி போன்றவர்கள் வேறு மாதிரி. அவர்களுக்கு அது கௌரவம் குலைந்த கதை, எச்சரிக்கை. கென்யாவுக்குப் போனவர்களுக்கோ அது விடுதலைக் கதை. அங்கே வளர்ந்து விமானம் ஓட்டிய பெரில் மார்க்கம் 1942-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் தன் திருமணங்களைப் பற்றி மூச்சே விடவில்லை. கேரனும் அப்படித்தான். கணவர் ப்ரோர் அந்த நூலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவரிடமிருந்து தொற்றிய மேகநோயும் அதற்காக எடுத்துக்கொண்ட பாதரச மருந்தும் இல்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இருக்கும் தனிமையும் பணக்கவலையும் கெஞ்சலும் நூலில் வடிகட்டப்பட்டுவிட்டன. மனைவி என்ற வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தப் பெண்கள் கண்ணாடி முன் வந்து நிற்கிறார்கள். இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எவருமே தன்னை முழுதாக எழுதிவிடுவதில்லை.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்தப் பெண்ணின் உயிர் கை கால் நீட்டிய இடம் யாருடையது? பிரிட்டிஷ் ஆட்சி 1902-லும் 1915-லும் கொண்டுவந்த நிலச் சட்டங்கள் அந்த மேட்டு நிலங்களை அரசுடைமையாக்கி வெள்ளையருக்கு எழுதிக் கொடுத்தன. தலைமுறைகளாக அங்கே உழுது விதைத்த கிகுயு மக்கள் தங்கள் நிலத்திலேயே ஒண்டுக்குடிகள் ஆனார்கள். சில ஏக்கரில் பயிர் செய்துகொள்ள அனுமதி. பதிலுக்கு ஆண்டுக்கு 180 நாள் தோட்ட வேலை. கேரனின் விடுதலைக்கு அடியில் இந்த 180 நாள் இருந்தது. குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்த அந்த 'நான்', வேறு எத்தனையோ 'நான்'களைக் குனிய வைத்துத்தான் அத்தனை உயரமாகத் தெரிந்தது.

அவருக்கு இது தெரியாமலும் இல்லை. ஒண்டுக்குடிகளின் அப்பன்மார் அங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் பார்வையில் தானும் அவர்கள் மண்ணில் வந்து ஒண்டிய, கொஞ்சம் பெரிய இடத்து ஒண்டுக்குடிதானோ என்று ஓரிடத்தில் எழுதுகிறார். போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம், 'நான்' என்ற செருக்காகிய ஆணவ மலத்தைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வரும். இருட்டு மற்றப் பொருளை மறைக்கும், ஆனால் 'நான் இருட்டு' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. சட்டம் போட்ட கவர்னரை வெறுப்பது சுலபம். நல்ல மனமும் மருந்துப் பெட்டியும் உள்ள ஒருவரிடம் ஆணவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. நம்மிடம் கண்டுபிடிப்பது அதைவிடப் பாடு.

இந்த நூலில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. தோட்டத்தில் ஒரு மாலை, விளையாட்டாக எடுத்த துப்பாக்கி வெடித்து ஒரு சிறுவன் இறந்துபோனான். பெயர் வமாய். கிகுயு வழக்கப்படி, சுட்டவனின் குடும்பம் இறந்தவனின் தகப்பனுக்கு ஆடு மாடு கொடுத்து ஈடு செய்ய வேண்டும். வமாயைத் தன் மகனாக வளர்த்தவர் ஜோகோனா கன்யாக்கா என்ற ஏழைக் கிழவர், பெற்றவர் அல்ல. உறவென்று சொல்லிக்கொண்டு நியேரியிலிருந்து சிலர் வந்து, ஈடு எங்களுக்கே என்றார்கள். ஜோகோனாவுக்கு வேறு வழியில்லை. கேரனின் வீட்டு வாசலுக்கு வந்து, தன் கதையைக் காகிதத்தில் எழுதித்தரச் சொன்னார்.

அவர் சொல்லச் சொல்ல இவர் தட்டச்சு செய்தார். யார் எப்போது வந்தது, பையன் எப்படித் தன்னிடம் வந்து சேர்ந்தான், தான் அவனுக்கு என்னென்ன செய்தேன் என்று நினைவிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துச் சொன்னார் கிழவர். நடுநடுவே நின்றார், திரும்பப் போய்த் திருத்தினார். எல்லாம் முடிந்ததும் கேரன் அதை அவருக்குப் படித்துக் காட்டினார். ஜோகோனா வேறெங்கோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் வந்த இடத்தில் சட்டென்று முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் பொங்கிய சிரிப்பு கிழவரை ஒரு நொடியில் சிறுபிள்ளையாக மாற்றிவிட்டது என்கிறார் கேரன். மண்ணிலிருந்து எழுந்த ஆதாமின் முதல் பார்வை அப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுதிவிட்டு, அவரைப் படைத்து அவருக்கே காட்டியவள் நான் என்ற பெருமிதத்தையும் மறைக்காமல் வைக்கிறார்.

ஜோகோனா அந்தக் காகிதத்துக்கு ஒரு தோல் பை தைத்து, மணி கோத்து, கழுத்தில் தாயத்துப் போல மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வந்து, பையிலிருந்து அதை எடுத்து நீட்டி, படிக்கச் சொல்வார். கேரன் நோய்வாய்ப்பட்டு எழுந்து முதல் முறையாகக் குதிரையில் வெளியே போனபோது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து, மூச்சிரைக்க நின்று, காகிதத்தை நீட்டினாராம். ஒவ்வொரு முறையும் அதே பரவசம். ஆடு மாடு கிடைத்ததா என்பது அதற்குள் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

இந்த இடத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். எழுத்தறிவில்லாத ஒருவருக்கு எழுத்தின் மேல் உள்ள மயக்கம் என்று படித்தால் அது குடியேறியவரின் பார்வை. படைத்தேன் என்று அவர் சொல்வதில் உள்ள செருக்கைப் பிடித்துக்கொண்டு கண்டித்தால் அது இன்றைய பார்வை, நியாயமானதுதான். எனக்கு இரண்டும் போதவில்லை. ஜோகோனாவின் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? தன் பெயரை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். கூப்பிடுவார்கள், ஏசுவார்கள், வேலைக்கு விரட்டுவார்கள். ஆனால் ஒரு மகனை வளர்த்த தகப்பன் என்று, முதலிலிருந்து கடைசி வரை, தன்னை வெளியே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. காகிதத்தில் இருந்தது கேரனின் எழுத்து, உள்ளே இருந்தது கிழவரின் அன்பு. இவர் படைக்கவில்லை, படித்துக் காட்டினார். அந்த வித்தியாசத்தைக் கேரன் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஆனால் நாம் பார்க்கும்படி எழுதிவிட்டார். நல்ல எழுத்து எழுதியவரை மீறி இப்படிச் சில நேரம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஜோகோனாவுக்குப் படித்துக் காட்டக் கேரன் இருந்தார். கேரனுக்கு யார் இருந்தார்கள்? நூலின் ஒரு பக்கத்தில் அவர் ஏங்குகிறார். எனக்கு இந்த மண்ணைத் தெரியும், இந்த மலைக்கும் நிலவுக்கும் காப்பி பறிப்பவர்களின் முகத்துக்கும் என்னைத் தெரியுமா, என் நிறம் இங்கே எதிலாவது படிந்திருக்குமா, பிள்ளைகள் விளையாட்டில் என் பெயர் வருமா என்ற ஏக்கம். இதுவும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு காகிதம் கேட்பதுதான். வீட்டில் அவர் பெயர் தன்னே. கணவர் வழியில் பிரபுமனைவி. டெனிஸ் போன்ற நண்பர்களுக்கு தானியா. தோட்டத்து மக்களுக்கு ம்சாபு. 1934-இல் முதல் கதைத் தொகுதி வந்தபோது ஐசக் டினேசன் என்ற ஆண்பெயர். ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தபின் என்ன மிச்சம் என்று பார்க்கச் சொன்னார் திருவண்ணாமலையில் ரமணர், ஏறக்குறைய அதே காலத்தில். கேரன் போனது நேர் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு பெயர் கழலும்போதும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டார்.

உயிருக்கென்று தனி நிறம் இல்லை, எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் நிறமாகிவிடும் என்பது நம் சித்தாந்தக்காரர்கள் சொல்வது. செம்பருத்தியின் பக்கத்தில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தெரியும். பூவை எடுத்துவிட்டால்தான் அது பளிங்கு என்று தெரியும். 1931-இல் கேரனின் பக்கத்திலிருந்து பூ எடுக்கப்பட்டது. அந்த நிறமற்ற நிலையை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். சிவப்பை நினைவிலிருந்து எடுத்து, அப்பழுக்கில்லாமல் தீட்டினார். அந்த நூலின் அழகு அங்கிருந்து வந்தது, அதன் பிழையும் அங்கிருந்துதான் வந்தது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அதை ஆப்பிரிக்காவைப் பற்றி வந்த மிக ஆபத்தான நூல்களில் ஒன்று என்று சொன்னார். சமையல்காரர் கமாண்டேயை நாயோடு ஒப்பிட்டு எழுதிய இடத்தைச் சுட்டிக்காட்டினார். அழகாக எழுதியதால்தான் அது ஆபத்து என்பது அவர் கட்சி. மறுக்க எனக்கு வாதம் இல்லை.

ஆனாலும் அப்பழுக்கில்லாத அந்தச் சித்திரத்தில் அவரே ஒரு கீறல் விட்டிருக்கிறார். கிகுயு தலைவர் கினாஞ்சுயி சாகக் கிடந்தபோது கேரனுக்கு ஆள் அனுப்பினார். காலில் புண் அழுகி, குடிசையில் கிடந்தார். மிஷன் மருத்துவமனைக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கேயே சாகிறேன் என்றார். தோட்டம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நாட்கள். கேரனின் சக்தியெல்லாம் வடிந்திருந்தது. வழியில் இறந்தால், வீட்டில் இறந்தால், பழி தன்மேல் விழும் என்று பயந்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கினாஞ்சுயி மறுபேச்சுப் பேசவில்லை. மிஷன் மருத்துவமனையில் இறந்தார். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம். அந்த நெடிய மனிதருக்குப் பொருந்தாத குட்டைப் பெட்டி ஒன்றைக் கேரன் குழியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். கணவரை விட்டவர், நோயை விட்டவர், இதையும் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மருந்து கொடுத்தவள், நீதி சொன்னவள், மக்கள் நம்பியவள் என்று பக்கம் பக்கமாகத் தீட்டிய முகத்தில், கேட்டவருக்கு இல்லையென்று சொன்ன கையையும் வரைந்து வைத்திருக்கிறார். காரணங்களைச் சொல்கிறார், ஆனால் அவற்றால் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. குடியேறியவர்களின் தன்வரலாறுகளில் வீரமும் கஷ்டமும் நிறையக் கிடைக்கும். இப்படி ஒரு பக்கம் அபூர்வம். ஆன்மிக நூல் என்று யாரும் அடுக்கில் வைக்காத புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் பக்கம் அதுதான். கோயிலில் நின்று பொதுவாக 'பாவியேன்' என்பது எளிது. இந்த நாள், இந்த ஆள், இதைக் கேட்டார், நான் தரவில்லை என்று ஊர் பெயர் சொல்லி எழுதுவது வேறு.

போகும் முன் ஒரு காரியம் செய்தார். தோட்டம் விற்றதும் ஒண்டுக்குடிகளை ஆளுக்கொரு மூலையாகக் கலைத்துவிடுவார்கள் என்று தெரிந்து, அவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருக்க நிலம் கேட்டு அரசு அலுவலகங்களில் ஏறி இறங்கினார். கடைசியில் தகோரெட்டி காட்டுப் பகுதியில் இடம் கிடைத்தது. அவர்கள் நிலத்தை எடுத்து, அவர்களுக்கே வேறிடத்தில் கொஞ்சம் வாங்கிக்கொடுத்ததற்கு என்ன பெரிய புகழ் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவருடைய கையில் அப்போது எதுவும் மிச்சமில்லை, அதனால் தனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. 'எனது' என்பது போனபின் செய்த வேலை அது.

இன்று அந்த வீடு அருங்காட்சியகம். நைரோபியின் அந்தப் புறநகருக்கு கேரன் என்றே பெயர். மண்ணுக்குத் தன்னைத் தெரியுமா என்று கேட்டவருக்கு வரைபடம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அவர் கேட்டது அந்தப் பதிலை அல்ல என்றே நினைக்கிறேன்.

வேறொரு பதிலைக் கமாண்டே கொடுத்தார். காலில் புண்ணோடு சிறுவனாக வந்து, கேரனின் மருந்தால் தீராமல், ஸ்காட்டிஷ் மிஷன் மருத்துவமனைக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஈஸ்டர் நாளில் கட்டைப் பிரித்துக் குணமான காலைக் காட்டியவர். பிறகு அந்த வீட்டுச் சமையல்காரர். கேரன் போனபின் அஞ்சலகத்தின் முன் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பவர்களைப் பிடித்து அவருக்குக் கடிதம் போட்டவர். 1962-இல் கேரன் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1975-இல், கமாண்டே சொன்ன நினைவுகள் தனி நூலாக வந்தன. கேரனின் நூலில் ஒரு பாத்திரமாக இருந்தவர் இதில் கதைசொல்லி. கேரன் இவருடைய கதையில் வந்துபோகும் ஒருத்தி. அதைத் தொகுத்தவர் பீட்டர் பியர்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். அங்கேயும் பேனா வேறு கைகளில்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் படங்களும் இருக்கின்றன. அவற்றை வரைந்தது கமாண்டே.